உலகம்மை தள்ளுன கல்லு

நாற்காலி வேண்டாம் மாப்ள. வேண்டாம்னா வேண்டாம். அந்தக் கல்லு மேலயும் நான் உக்கார மாட்டேன். நீங்க நல்ல மனசோட மெட்ராஸ்ல இருந்து வந்து, கல்லுக்கு அடியில சிமெண்டு போட்டு, முதுகு சாயப் பலகை கட்டி, சுத்திலும் டைல்ஸ் பதிச்சு வச்சிருக்கீய. பெரியம்மைதான் முதல்ல உக்காரணும்னு மாலையும் கையுமா நிக்கீய. எனக்கு வாற கோவத்துக்கு என்ன சொல்லன்னே தெரியல. ஆனா உங்களைச் சொல்லிக் குத்தமில்ல, உங்களுக்குக் கதை தெரியாது. கதை தெரிஞ்ச பயலுவ அத்தனை பேரும் இங்ஙன நின்னு சிமெண்டு குழைச்சுக் குடுத்திருக்கானுவ. ஏட்டி சுகந்தி, நீயும்தான். இந்த ஊருலயே என் தங்கச்சி மகளாப் பொறந்துட்டு, கட்டுன புருசனுக்கு இதைக்கூடவா சொல்லல? சரி, எல்லாரும் கேளுங்க. நின்னுக்கிட்டே கேளுங்க.

முன்னால, ரொம்ப முன்னால, இந்தச் சாலிமடைக் குளத்துக்குக் கீழ கூரை வீடு மட்டுமே இருந்த காலத்துல, உலகம்மைனு ஒருத்தி இருந்தாளாம். நம்ம எல்லாருக்கும் அவதான் மூத்தவ. அவ புருசன் பேரு சங்கிலி. குளத்து நீர்பாய்ச்சி. எந்த வயலுக்கு எப்ப தண்ணி விடணும், எந்த மடையை எப்ப அடைக்கணும்னு பாக்கிறது அவரு வேலை. விடிஞ்சா மம்பட்டியைத் தோள்ல போட்டுக்கிட்டுக் கரையைச் சுத்துவாராம். ஒரு வயக்காரன் விடாம எல்லார்கிட்டயும் சண்டை போடுவாராம். ஊருல இருக்க அத்தனை வாய்க்காலும் அந்த மனுசன் மண்டைக்குள்ள இருந்துச்சுன்னு சொல்லுவாவ.

அந்தக் காலத்துல நம்ம ஊருல ஒரு வழக்கம் இருந்துச்சு. பேரப்பிள்ளைக்கு முதல் முடி எடுத்த அன்னைக்கு, வீட்டுப் பெரிய ஆளுக்குப் புதுத்துணி கட்டி, வாசல்ல ஒரு வட்டக்கல்லைப் போட்டு, அதுல உக்கார வைப்பாவளாம். அதுக்கு ‘இருப்பு வைக்கிறது’ன்னு பேரு. இருப்பு வச்ச ஆளு அதுக்குப் பொறவு ஒரு வேலையும் தொடக் கூடாது. அகப்பையைத் தொடக் கூடாது, மம்பட்டியைத் தொடக் கூடாது. சோறு கல்லுக்கே வரும். பணியாரம் கல்லுக்கே வரும். ராத்திரி படுக்கத்தான் வீட்டுக்குள்ள கூட்டிட்டுப் போவாவ. பெத்தவங்களை எப்படி வச்சிருக்கான் பாருன்னு ஊரு மெச்சும். மெச்சி என்ன செய்ய? இருப்பு வச்ச ஆளு எவரும் ரொம்ப நாளு தெளிவா இருந்ததில்ல. கல்லுல உக்காந்து மூணாம் மழைக்குள்ள பேரு மறக்கும், ஆளு மறக்கும். ஊரு என்ன சொல்லும்? “வயசாயிட்டுல்லா”ன்னு சொல்லும். கல்லுல உக்கார வச்சதுனாலதான் இப்படி ஆகுதுன்னு ஒரு பயலுக்கும் தோணல.

சங்கிலிக்கு இருப்பு வச்சாவ. நேத்து வரைக்கும் கரையைச் சுத்துன மனுசன், வாசல்ல உக்காந்து தெருவைப் பாத்தாரு. சண்டை போட ஆளு இல்ல. யோசனை கேக்க ஆளு இல்ல. இருப்பு வச்ச மனுசனைத் தொந்தரவு பண்ணக் கூடாதுல்லா? முதல்ல வாய்க்கா பேரு போச்சாம். பொறவு மகன் பேரு போச்சாம். பகலெல்லாம் கல்லுலயே தூங்கி வழிவாராம், ராத்திரி முழிச்சுக்கிட்டுச் சத்தம் போடுவாராம். ஒருநாளு உலகம்மை கஞ்சி கொண்டு போயிருக்கா. அவ முகத்தைப் பாத்துக் கேட்டாராம்.

“யாரு தாயி நீ? கொஞ்சம் தண்ணி தருவியா?”

தண்ணியைக் குடுத்துட்டு, தொழுவத்துக்குப் பின்னால போயி அழுதாளாம் உலகம்மை.

அழுதுட்டு வந்து, அவரு கையைப் பிடிச்சு எழுப்புனாளாம். ஊரு பாக்கப் பாக்கக் கரை மேல கூட்டிட்டுப் போனா. மடைகிட்ட வந்ததும் மனுசன் தண்ணிக்குள்ள காலை வச்சாரு. கால் விரலால அடி மண்ணைக் கிளறிப் பாத்தாரு. அப்புறம் சொன்னாராம்.

“கீழ வாய்க்கால்ல மண்ணு மேவி அடைச்சுட்டு உலகு. தண்ணி ஓடாமப் போட்டா மேவத்தான செய்யும். வெட்டி விடச் சொல்லு.”

உலகு. பேரைச் சொல்லிட்டாரு. இன்னும் ஒரு வார்த்தை பேசுவாருன்னு வாயையே பாத்துக்கிட்டு நின்னாளாம். அதுக்குள்ள மூத்தவன் வேலாண்டி ஓடியாந்துட்டான்.

“ஏம்மா, உனக்குப் புத்தி கெட்டுப் போச்சா? இருப்பு வச்ச மனுசனைச் சேத்துல நிக்க விட்டிருக்கியே, ஊரு எங்களைக் காறித் துப்பாதா?”

தூக்கிட்டுப் போயிக் கல்லுல வச்சுட்டான். அதோட சரி. அடுத்த மழைக்கு அவரு போயிட்டாரு. அவ பேரு திரும்ப அவரு வாயில வரவே இல்ல.

அவரு கடைசியாச் சொன்ன சொல்லு மட்டும் அவளை விடல. தண்ணி ஓடாமப் போட்டா மேவத்தான செய்யும். அவரு வாய்க்காலைச் சொன்னாரு. இவளுக்கு மண்டை ஞாபகம் வந்துச்சு. மூளையும் அப்படித்தான் போலன்னு நினைச்சாளாம். நடக்கும்போதும், நாலு பேருகிட்ட வாயாடும்போதும், தெரியாத ஒண்ணைத் தெரிஞ்சுக்கும்போதும் அங்ஙன தண்ணி ஓடுது. ஒரு வாய்க்கா அடைச்சாக்கூட ஓடுற தண்ணி பக்கத்துல ஒரு வழி கண்டுக்கிடும். உக்கார வச்சுட்டா எல்லாம் மேவிரும். மாப்ள, உங்க டாக்டரும் இதைத்தான சொல்லுதாருங்கீய? டாக்டரு சொன்னா தலையை ஆட்டுவீய. அவ சொன்னப்போ ஒருத்தன் காது குடுக்கல.

பொறவு அவ முறை வந்துச்சு. வேலாண்டியோட ரெண்டாவது மகனுக்கு முடி எடுத்தாவ. சங்கிலி உக்காந்த அதே கல்லைக் கழுவி, மஞ்சத் தடவி, புதுச் சேலையோட வந்து நிக்கானுவ.

“எனக்கு வேண்டாம்ல வேலாண்டி.”

“அப்படிச் சொல்லாதம்மா.”

“நான் பாட்டுக்கு நெல்லைக் குத்திக்கிட்டுக் கிடக்கேன். என்னை விடு.”

மருமக இசக்கி காலுல விழுந்துட்டாளாம். “அத்தை, நீங்க உக்காரலைன்னா நான்தான் உங்களை வேலை வாங்குதேன்னு ஊரு சொல்லும். என் மானத்தைக் காப்பாத்துங்க அத்தை.”

என்ன செய்வா? அடிக்கிறவனைத் திருப்பி அடிக்கலாம். மரியாதை பண்ணுறவனை என்ன செய்ய முடியும்? பல்லைக் கடிச்சுக்கிட்டு உக்காந்தா.

உக்காந்தா. சோறு வந்துச்சு, தின்னா. பணியாரம் வந்துச்சு, தின்னா. எந்திரிச்சா, “உக்காருங்க உக்காருங்க”ன்னு ஓடி வருவாவ. துடைப்பத்தைத் தொட்டா இசக்கி பிடுங்குவா. கேட்டா சிரிப்பாவ. “இவ்வளவு நாளு உழைச்சது போதும்”பாவ. இவளுக்கு எரிச்சல்னா எரிச்சல். பொறவு அந்த எரிச்சலும் குறைஞ்சு போச்சாம். அதுதான் மோசம். சும்மா இருக்கது பழகிட்டு.

ஒருநாளு மேற்க கட்டிக் குடுத்த மக வந்து வாசல்ல நின்னா. பெத்த மக. முகம் தெரியுது. பேரு வரல.

“என்னம்மா அப்படிப் பாக்க?”

“வா... வா தாயி, உள்ள போ”ன்னு சமாளிச்சுட்டா. மக உள்ள போனதும் தேடுதா தேடுதா, எல்லாரு பேரும் வருது, அக்கம்பக்கத்து ஆட்டுக்குட்டி பேருகூட வருது. அவ பேரு வரல. ‘தாயி’ன்னு கூப்பிட்டமேன்னு அப்பத்தான் உறைச்சுது. அந்த மனுசன் கூப்பிட்ட அதே சொல்லு. அன்னைக்கு உலகம்மை பயந்த மாதிரி வாழ்க்கையில என்னைக்கும் பயந்ததில்லன்னு சொல்லுவாவ.

மறுநாளு விடியுமுன்ன எந்திரிச்சா. உலக்கையை எடுத்தா. கல்லுக்கு அடியில கொடுத்து நெம்புனா. கல்லு ஒரு விரக்கடை நகந்துச்சு. மூச்சு வாங்குச்சு. உலக்கையை உள்ள வச்சுட்டு வந்து, கல்லுல உக்காந்துக்கிட்டா.

மறுநாளும் தள்ளுனா, உக்காந்தா. அதுக்கு மறுநாளும் தள்ளுனா, உக்காந்தா. கொஞ்ச நாளுல கல்லு பக்கத்து வீட்டு வாசலுக்கு வந்துட்டு. அந்த வீட்டுக்காரி உளுந்து புடைச்சுக்கிட்டு இருந்தா. இவ கையை நீட்டி முறத்தை வாங்கிக்கிட்டா. வேலாண்டி வந்து பாக்கான், வாசல்ல கல்லைக் காணும், அம்மையைக் காணும். தேடிப் போனா, அம்மை அடுத்த வீட்டுல உளுந்துல கல்லு பொறுக்குதா.

“என்னம்மா இது அநியாயம்?”

“என்ன அநியாயம்? கல்லு மேலதான இருக்கேன்?”

அதுக்கு அடுத்த வீட்டுக்குப் போச்சு கல்லு. அங்ஙன ஓலைப்பெட்டி முடைஞ்சாவ. இவளுக்கு முடையத் தெரியாது. கேட்டுக் கேட்டு, பிரிச்சுப் பிரிச்சு, கோணல்மாணலா ஒண்ணு முடைஞ்சா. ஊரெல்லாம் சிரிச்சுது. ரெண்டாவது பெட்டி நேரா வந்துச்சு. வளையக்காரச் செட்டி வருவாராம், அவருகிட்டத் தெலுங்கு பேசப் படிச்சாளாம், அந்த வயசுல. பணியாரத்தைக் குறைச்சுட்டு, அந்தந்த வீட்டுல குடுக்கிற கீரையும் கடலையும் தின்னாளாம். பகல் முழுக்கப் பேச்சும் வேலையுமா இருந்துட்டு, படுத்தா அடிச்சுப் போட்ட தூக்கமாம்.

இசக்கி தெருவுல தலை காட்ட முடியலைன்னு அழுதா. விசயம் ஊர்க்கூட்டத்துக்குப் போச்சு. நாட்டாமை கேட்டாரு.

“இருப்பு வச்சா கல்லை விட்டு எறங்கக் கூடாதுன்னு தெரியாதா உலகம்மை?”

“தெரியும் அண்ணாச்சி. பகல்ல எறங்கலையே. கல்லு மேலதான இருக்கேன்?”

“கல்லு தெருத்தெருவாப் போகுதே?”

“கல்லு எங்ஙன கிடக்கணும்னு ஊரு ஒண்ணும் சொல்லலையே?”

நாட்டாமை தலையைச் சொறிஞ்சாராம். கூட்டத்துக்குப் பின்னால, அவரைப் பெத்த அய்யாவே அவரு வீட்டுக் கல்லுல உக்காந்து தூங்கி வழிஞ்சுக்கிட்டு இருந்தாரு. நாட்டாமை அதைத் திரும்பிப் பாத்துட்டு, எந்திரிச்சுப் போயிட்டாராம்.

கல்லு தெருவைத் தாண்டுச்சு. வேப்பமரத்தைத் தாண்டுச்சு. கரை ஏத்தம் வந்துச்சு. ஏத்தத்துல உலக்கை மட்டும் ஆகல. அப்ப ஒருத்தர் ஒருத்தரா, இருப்பு வச்ச கிழடுகட்டை எல்லாம் விடியுமுன்ன வந்து தோள் குடுத்தாவளாம். ஏத்தி முடிக்க ஒரு மழைக்காலம் ஆச்சு. சங்கிலி காலை வச்சு நின்ன மடைகிட்டக் கொண்டு வந்து சேத்தா.

பொங்கலுக்கு மக வந்தா. அந்தக் கரையில, தலையில பெட்டியோட, தூரத்துல ஒரு புள்ளியா வாறா. மடைகிட்ட இருந்து உலகம்மை பாத்தா. முகம்கூடத் தெரியல. நடையைப் பாத்தா. வாயைத் திறந்தா.

“பகவதீ. ஏட்டி பகவதி.”

குளம் முழுக்கக் கேட்டுச்சுன்னு சொல்லுவாவ. எந்திரிச்சு நடந்தா மகளை நோக்கி. அதுக்குப் பொறவு அந்தக் கல்லுல அவ உக்காரவே இல்ல.

எல்லா மறதியும் இப்படிப் போயிரும்னு நான் சொல்ல வரல. வியாதினு ஒண்ணு இருக்கு, அதுக்கு வைத்தியரு இருக்காரு. கடைசிக் காலத்துல உலகம்மையும் உப்பை எங்க வச்சேன்னு தேடத்தான் செஞ்சா. ஆனா தேடுறதுக்குக் காலு இருந்துச்சு, கேக்கிறதுக்கு ஆளு இருந்துச்சு.

அன்னையில இருந்து நம்ம ஊருல இருப்பு வைக்கிறது கிடையாது. மத்த வீட்டுக் கல்லெல்லாம் படித்துறையில துணி துவைக்கக் கிடக்கு. அன்னையில இருந்துதான், பெரியவங்க வீட்டுக்கு வந்தா நாம ‘உக்காருங்க’ன்னு சொல்ல மாட்டோம். ‘வாங்க, இதைக் கொஞ்சம் பிடிங்க’ன்னு கையில ஒரு வேலையைக் குடுப்போம். பேரப்பிள்ளைக்கு முடி எடுத்தா, தாத்தனும் ஆச்சியும் வந்து இந்தக் கல்லை ஒரு தள்ளு தள்ளணும். அதனாலதான் கல்லு ஓரிடத்துல நிக்காது. நான் கல்யாணமாகி வந்தப்போ அந்தப் புளியமரத்துக்கிட்டக் கிடந்துச்சு. நானும் தள்ளியிருக்கேன். இங்ஙன வந்திருக்கு.

நீங்க அதுக்குச் சிமெண்டு போட்டுட்டீய மாப்ள. அந்தக் கல்லுக்கே இருப்பு வச்சுட்டீய.

இன்னொண்ணும் சொல்லுதேன், கோவிச்சுக்கிடாதீய. உங்க கல்யாணத்துக்கு வந்த அன்னைக்கு உங்க அம்மை கையில முறத்தைக் குடுத்தோம். சம்மந்திக்கு மூஞ்சி சுண்டிப் போச்சு. ஆனா கொஞ்ச நேரத்துல உளுந்தைப் புடைச்சுக்கிட்டே ஊர்க்கதை பூராவும் பேசிச் சிரிச்சாவ. அந்த அம்மாவை நீங்க மெட்ராஸுக்குக் கூட்டிட்டுப் போனீய. சமைக்க ஆளு வச்சீய, துவைக்க ஆளு வச்சீய, டிவி முன்னால சோபா போட்டீய. ஒரு குறையும் வைக்கல. இன்னைக்குக் காலையில நான் அவிய கையைப் பிடிச்சுச் சௌக்கியமான்னு கேட்டேன். என்னைப் பாத்து, ‘நீங்க யாரு’ன்னு கேட்டாவ. வைத்தியமும் பாருங்க, வேண்டாம்னு சொல்லல. ஆனா இப்ப ஏசியைப் போட்டுக் காருக்குள்ளயே உக்கார வச்சிருக்கீயளே.

சிமெண்டு நேத்துப் பூசுனதுதான், இன்னும் சரியா இறுகல. கடப்பாரையை எடுத்துட்டு வாங்க. சுகந்தி, நீ போயிக் காரு கதவைத் திற. உன் மாமியாரைக் கையைப் பிடிச்சு மெதுவா எறக்கிக் கூட்டிட்டு வா. வந்ததும் உக்காருங்கன்னு சொல்லாத. ‘இதைக் கொஞ்சம் பிடிங்க அத்தை’ன்னு சொல்லு.