கே-ஆயிரத்தில் டைமர் கிடையாது

பழைய கேமராவைக் கையில் வாங்கியதும் எல்லாரும் செய்கிற முதல் தப்பு, அதன் நெற்றியில் எழுதியிருக்கிற பெயரைப் படிப்பதுதான். பெயர் தேயும். சர்வீஸ் செய்தவன் வேறு மூடியை மாட்டியிருப்பான். நான் பெயரைப் பார்ப்பதில்லை, மேடம். எந்த லீவர் எங்கே இருக்கிறது, எது இல்லை என்று பார்ப்பேன். பாதி மாடல்களை இல்லாததை வைத்துத்தான் சொல்ல முடியும். இலுப்பூர் கடைத்தெருவில் முப்பத்தைந்து வருடமாக ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். காரைக்குடியிலிருந்துகூட வாட்ஸ்அப்பில் படம் அனுப்பி, "அறிவுச்செல்வன் சார், இது என்ன மாடல்?" என்று கேட்பார்கள். இதுவரை தப்பாகச் சொன்னதில்லை, ஒரே ஒரு தடவையைத் தவிர. அதைச் சொல்லத்தான் ஸ்டேஷனுக்கு வந்திருக்கிறேன்.

நிதானமாக எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு அவசரம் ஒன்றுமில்லை.

போன மாசி மாதம் சுடர்விழி கடைக்கு வந்தாள். அரிமளத்தில் டீச்சர். அவளுடைய அக்கா அன்புமொழி என்னிடம் படம் பிடிக்கக் கற்றுக்கொண்டவள். தொண்ணூற்றொன்பதில், இருபத்துமூன்று வயதில், மூடிக்கிடந்த கல்குவாரித் தண்ணீரில் விழுந்து செத்துப்போனாள். அன்று காலை வீட்டில் சண்டை. கேமராவைத் தூக்கிக்கொண்டு ஊர் சுற்றுகிறாள் என்ற கோபத்தில் அவள் அம்மா பொன்னுத்தாய், "எங்கிட்டாச்சும் போய்த் தொலைடி" என்று சொல்லிவிட்டார். சாயங்காலம் பிணத்தைத் தூக்கினார்கள். பாறைமேல் கேமரா தனியாக இருந்தது. தற்கொலை என்று ஊரே பேசி முடித்துவிட்டது. அந்த அம்மா கேமராவை டிரங்குப் பெட்டியில் போட்டுப் பூட்டியவர், இந்தப் பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்வரை திறக்கவே இல்லை.

உள்ளே ஃபிலிம் இருந்தது. சுடர்விழி அதைத் திருச்சியில் கொடுத்துக் கழுவியிருக்கிறாள். இருபத்தாறு வருடப் பழசு, எல்லாம் புகைமூட்டமாக வந்திருக்கிறது. கடைசிப் படம் மட்டும் பிழைத்திருந்தது. குவாரி விளிம்பில் நின்று அன்புமொழி சிரிக்கிறாள்.

"சாகணும்னு வந்தவ இப்படியாண்ணே சிரிப்பா?" என்றாள் சுடர்விழி. "இந்த கேமராவுல டைமர் இருந்தா அக்காவே கல்லு மேல வச்சு எடுத்திருக்கலாமாம். இல்லைன்னா எதுத்தாப்ல ஒரு ஆளு நின்னுருக்கணுமாம். மொதல்ல மாடல் என்னன்னு கேட்டுட்டு வாங்கன்னு திருச்சிக்காரரு சொன்னாரு. நீங்கதான் பாத்துச் சொல்லணும்."

"அம்மா எப்படிம்மா இருக்காங்க?"

"ஆத்தா இன்னமும் யாரையும் போன்னு சொல்றதில்லண்ணே. பால்காரரு கெளம்புனாக்கூட வந்துரு, வந்துருன்னுதான் சொல்லும். தன் வாய்தான் மகளக் கொன்னுருச்சுன்னு நெனப்பு. அன்னைக்கு வேற யாரோ அங்க இருந்தாங்கன்னு தெரிஞ்சாப் போதும், அது நெஞ்சுல இருக்குற பாரம் எறங்கிரும்."

கேமராவை வாங்கிப் பார்த்தேன். பெயர் தேய்ந்துபோயிருந்தது. பென்டாக்ஸ் கே-ஆயிரம். பார்க்கவே வேண்டியதில்லை, எனக்குத் தெரிந்த கேமராதான். அவள் மாமா துபாயிலிருந்து கொண்டுவந்தது. லென்ஸுக்குப் பக்கத்தில் டைமர் லீவர் இருக்க வேண்டிய இடம் மொட்டையாக இருந்தது. கே-ஆயிரத்தில் டைமர் கிடையாது.

"ரெண்டு நாள் வச்சுட்டுப் போம்மா. தொடச்சு, கழட்டிப் பாத்தாத்தான் சொல்ல முடியும்" என்றேன்.

அதே கம்பெனி, அதே உடம்போடு டைமரையும் சேர்த்து கே.எம். என்று ஒரு மாடல் விட்டிருந்தது. ஒரு டாக்டர் ரிப்பேருக்குக் கொடுத்துவிட்டு வாங்காமலே போன கே.எம். ஒன்று என் அலமாரியில் இருந்தது. இந்தக் காலத்தில் பொய்யை வாயால் சொன்னால் மட்டும் நிற்காது. போனில் தேடினால் ஒரு நிமிடத்தில் குட்டு உடைந்துவிடும். ஆகவே பொருளையே மாற்றினேன். லென்ஸ் இரண்டுக்கும் ஒன்றுபோலவே மாட்டும். அவளுடைய லென்ஸ், அவளுடைய வார், அவளுடைய தோல் உறை, உள்ளே மட்டும் டாக்டரின் கேமரா. நெற்றிப் பெயரை அதே அளவுக்குத் தேய்த்தேன், அடித்தகட்டில் அன்புமொழி நகச்சாயத்தால் வைத்திருந்த சிவப்புப் புள்ளியைக்கூட அதே இடத்தில் வைத்தேன். வேலை என்று வந்துவிட்டால் நான் அரைகுறையாகச் செய்வதில்லை.

மூன்றாம் நாள் சுடர்விழிக்கு லீவரை முடுக்கிக் காட்டினேன். அது சிர்ரென்று ஓடித் தானாகப் படம் எடுத்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்ப அக்கா தனியாத்தான் இருந்திருக்கா" என்றாள். அழவில்லை. எவ்வளவு ஆச்சு என்று கேட்டாள். வாங்கிக்கொள்ளவில்லை.

பொன்னுத்தாயம்மாவை நான் நினைக்காமல் இல்லை. ஆனால் அவருக்கு எண்பதை நெருங்குகிறது. இருபத்தாறு வருடம் சுமந்து பழகிப்போன பாரம். அதை இறக்கிவிட்டுப் புதிதாக ஒன்றை ஏற்றினால் தாங்குவாரா? பழகினதே இருந்துவிட்டுப் போகட்டும் என்று பட்டது. அன்று எதிரே நின்றது நான் என்று தெரிந்தால் அவருக்கு இன்னும் கஷ்டம்தான். என் ஸ்டுடியோவுக்குப் படிக்கப் போகிறேன் என்று மகள் கேட்டபோது, "அறிவு நல்ல பிள்ள, போயிட்டு வா" என்று அனுப்பி வைத்தவரே அவர்தான்.

கொடும்பாளூர் மூவர் கோயிலை நீங்கள் பார்த்திருப்பீர்கள். இப்போது நிற்பது இரண்டு கோயில், மூன்றாவதற்கு அடித்தளம் மட்டும்தான் மிச்சம். ஒரு மழைக்கு மறுநாள் அன்புமொழி அந்த அடித்தளத்தில் குப்புறப் படுத்து, தேங்கின தண்ணீரில் ஒரு கோபுரம் மட்டும் தெரிகிற மாதிரி எடுத்தாள். இல்லாத மூன்றாவது கோயில் தண்ணீருக்குள் நிற்கிறது. நான் அந்த இடத்தில் நூறு படம் எடுத்திருப்பேன், எனக்குத் தோன்றவில்லை. பொறாமையாக இருந்தது, அதை மறைக்கவில்லை. ஒரு பத்திரிகைப் போட்டிக்கு அதை என் பெயரில் அனுப்பினேன். கற்றுக்குட்டி பெயரில் போனால் பிரித்துக்கூடப் பார்க்க மாட்டார்கள், படத்துக்கு நல்லது நடக்கட்டும் என்றுதான். முதல் பரிசு வந்தது. காலண்டரில் போட்டார்கள். என்னை நாலு பேருக்குத் தெரிந்ததே அதனால்தான்.

காலண்டரைப் பார்த்துவிட்டு அவள் சண்டை போட்டிருந்தால் சமாளித்திருப்பேன். "படம் என்னோடதுன்னு நீங்களே பத்திரிகைக்கு எழுதிருங்கண்ணே. நான் எழுதுனா ஒங்களுக்கு அசிங்கம்" என்றாள். அந்தப் பக்குவம்தான் எனக்கு எரிச்சலாக இருந்தது.

சரி என்றேன். பத்திரிகைக்காரர்கள் உன் படத்தையும் கேட்பார்கள், நானே எடுத்துத் தருகிறேன், குவாரிப் பக்கம் மதியத்துக்கு மேல் வெளிச்சம் நன்றாக இருக்கும் என்றேன். சந்தோஷமாக வந்தாள். அவள் கேமராவிலேயே எடுக்கச் சொன்னாள். விளிம்புக்கு முன்னால் நிறுத்தி ஒன்று எடுத்தேன். நல்ல படம், அது கண்ணில் பட்டபோதே தெரிந்துவிட்டது. பிறகு, "இன்னும் ரெண்டு எட்டு பின்னால போம்மா" என்றேன்.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. நிற்கிற ஆளுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்ப்பது படம் எடுப்பவனுடைய வேலை. அதை அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான்.

நான் அவளைத் தொடவில்லை. எங்களுக்கு நடுவில் பத்தடி இருந்தது. இதைத் தவறாமல் குறித்துக்கொள்ளுங்கள்.

அவளுக்கு நீச்சல் தெரியும். ஆனால் பாறையைச் செங்குத்தாக வெட்டியிருந்தார்கள், பிடித்து ஏற ஒரு விளிம்பு கிடையாது. "அண்ணே, அண்ணே" என்று கூப்பிட்டாள். மொபெட்டில் பையைக் கட்டுகிற கயிறு இருந்தது. நீளம் பத்தாது என்று அப்போது நினைத்தேன். பிறகு ஒருநாள் குவாரிக்குப் போய் அதே கயிற்றை இறக்கிப் பார்த்தேன், தண்ணீரைத் தொட்டது. அவள் கூப்பிடுவது நின்றபிறகு கேமராவைப் பாறைமேல் வைத்துவிட்டு வந்தேன். உள்ளே இருந்த ஃபிலிமை வெளியே இழுத்து வெயிலில் காட்டியிருந்தால் எல்லாம் அன்றைக்கே தீர்ந்திருக்கும். செய்யவில்லை. நல்ல படத்தைக் கெடுக்க மனசு வரவில்லை.

இவ்வளவு நாள் பேசாமல் இருந்தவன் இப்போது ஏன் வந்தான் என்றுதானே பார்க்கிறீர்கள்? மனசாட்சி என்று எழுதிக்கொள்ளலாம், அதுவும் இருக்கும். புதுக்கோட்டையில் இந்த வாரம் புகைப்படக் கண்காட்சி நடக்கிறது. சுடர்விழி அந்தப் படத்தைக் கொடுத்திருக்கிறாள். அக்கா எதற்காகச் செத்தாள் என்று தெரியாவிட்டாலும், அவள் எடுத்ததை நாலு பேர் பார்க்கட்டும் என்றாளாம். நாலடி உயரத்துக்குப் போட்டிருக்கிறார்கள். கீழே, "அன்புமொழி, தன்னைத் தானே எடுத்த படம், 1999" என்று எழுதியிருக்கிறது. நேற்று போய் நின்று பார்த்தேன். பக்கத்தில் ஒருவர் தன் மனைவியிடம், "டைமரை முடுக்கிட்டு ஓடிப் போய் நின்னு, பத்து செகண்டுல இப்படிச் சிரிக்கிறதுன்னா லேசா? இந்தப் பொண்ணு இருந்திருந்தா எங்கேயோ போயிருக்கும்" என்றார். எனக்கு வயிறு எரிந்தது. கேமராவைப் பார்த்து யாரும் அப்படிச் சிரிக்க மாட்டார்கள், மேடம். எதிரே ஒரு ஆள் நிற்கிறான், அவனை நம்பிச் சிரிக்கிறாள். கண் உள்ள எவனுக்கும் அது தெரிய வேண்டாமா?

இதோ, அசல் கே-ஆயிரம். உங்கள் மேசைமேல் வைக்கிறேன். சிவப்புப் புள்ளி அடியில் இருக்கிறது. கையெழுத்து எங்கே போட வேண்டுமோ காட்டுங்கள், போடுகிறேன். பொன்னுத்தாயம்மாவிடம் நீங்கள் எப்போது போய்ச் சொன்னாலும் சரி, இத்தனை வருடம் பொறுத்தவர், இன்னும் பத்து நாள் ஆனால் என்ன. ஆனால் கண்காட்சி ஞாயிற்றுக்கிழமையோடு முடிகிறது. அதற்குள் அந்தப் படத்துக்குக் கீழே இருக்கிற பெயரை மாற்றச் சொல்லுங்கள்.