கையில் ஓடுகிற சத்தம்

விடியக்காலை நாலு மணி. சங்கரன்கோவிலிலிருந்து திருநெல்வேலிக்குப் போகிற ரோடு. கொரோனா இரண்டாவது அலை... ஊரடங்கு. ஒரு லாரிகூட இல்லை. இரண்டு பக்கமும் கரிசல் காடு. நடுவில் ஒரே ஒரு கார்.

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். இது நம் செல்வமணியின் சித்திக்கு நடந்தது. பெயர் சண்முகசுந்தரி. சிறுநீரகம் இரண்டும் போய், வாரம் மூன்று தடவை திருநெல்வேலியில் டயாலிசிஸ் செய்துகொண்டிருந்தவள்.

டயாலிசிஸ்காரர்களுக்குக் கையில் ஒரு ரத்தக் குழாயை இன்னொன்றோடு சேர்த்துத் தைத்திருப்பார்கள். தோலுக்கு அடியில் ரத்தம் வேகமாக ஓடும். காதை வைத்தால் கேட்கும்... உர்ர்... உர்ர்... என்று. சத்தம் நின்றால் அடைத்துவிட்டது என்று அர்த்தம். சுந்தரிக்கு இடது கை முன்பே அடைத்துவிட்டது. மிச்சம் வலது கைதான். அதுவும் போனால் ஊசி குத்த இடமில்லை.

சுந்தரி போகிற அந்தக் காரில், வழியில் பனவடலிசத்திரத்தில் கோமதித்தாய் ஏறுவாள். அவளும் டயாலிசிஸ்காரிதான். நெற்றி நிறையக் கோமதி அம்மன் கோவில் புற்றுமண்ணைக் குழைத்துப் பூசியிருப்பாள். ஏறியதும் சுந்தரியின் கையில் தலையைச் சாய்த்துக் காதை வைத்துவிடுவாள்.

“ஏட்டி, மிஷினு ஓடுதா?”

“ஓடுது மதினி, டவுன் பஸ்ஸு மாதிரி. தலைய எடுங்க, கையெல்லாம் மண்ணா ஒட்டுது. நர்ஸு என்னையத்தான் ஏசுவா.”

“ஏசட்டும். அம்மன் மண்ணுட்டி அது.”

கொரோனா வந்ததும் தொடுவது நின்றது. டயாலிசிஸ்காரர்களைத் தொற்று பிடித்தால் லேசில் விடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். அதற்காக வீட்டில் அடங்கி இருக்கவும் முடியாது. டயாலிசிஸ் தவறினாலும் உயிர் போய்விடும். கோமதித்தாய் முன் சீட்டுக்கு மாறிக்கொண்டாள். அங்கிருந்தே திரும்பி, தன் கையைத் தன் காதில் வைத்துக் காட்டுவாள். நீயும் கேள் என்று அர்த்தம். சுந்தரி கேட்டுவிட்டுத் தலையாட்டுவாள்.

ஒருநாள் டிரைவர் ரிபாயிக்குக் கோமதித்தாயிடமிருந்து போன் வந்தது.

“தம்பி, காய்ச்சலா கெடக்கு. எனக்காக வண்டிய நிறுத்தாதீங்க. சுந்தரி ஒல்லிக்குச்சி, தாங்க மாட்டா. நான் ஆம்புலன்ஸுக்குச் சொல்லி வாரேன்.” சொல்லிவிட்டுச் சிரித்தாளாம். “இந்த ஒடம்புக்கு கொரோனா ஒண்ணுதான் பாக்கி.”

ஆம்புலன்ஸ் பொழுது சாய்ந்த பிறகுதான் வந்ததாம். அதெல்லாம் பிற்பாடு தெரிந்தது.

அடுத்த தடவை கார் கிளம்பியது. நான் சொன்னேனே, அந்த நாலு மணி. சுந்தரி கண்ணை மூடி, கோமதித்தாய்க்காக அம்மனிடம் வேண்டிக்கொண்டே வந்தாள். அன்றைக்குப் பார்த்து, தன் கையைக் கேட்க மறந்துபோனாள். கேள் என்று சொல்ல ஆளில்லையே...

பனவடலிசத்திரம் வந்தது. ரிபாயி பழக்கத்தில் வேகத்தைக் குறைத்தான். திறந்திருந்த ஜன்னல் வழியாக ஒரு வாசனை. ஈர மண். மழை பெய்து மாதக்கணக்கு ஆகியிருந்தது.

பஸ் ஸ்டாப்பில் கோமதித்தாய் நின்றாள். ஒயர்க்கூடை. வெந்நீர் பிளாஸ்க். முகத்தில் ஒன்றுக்கு மேல் ஒன்றாக இரண்டு மாஸ்க். காருக்குப் பக்கத்தில் வரவில்லை. தள்ளியே நின்றாள். கையைத் தூக்கிக் காதில் வைத்தாள். வைத்தபடியே சுந்தரியைப் பார்த்தாள்.

சுந்தரி தன் கையைக் காதுக்குக் கொண்டுபோனாள்.

சத்தம் இல்லை.

அழுத்தி வைத்தாள்... ஒன்றுமே இல்லை.

“தம்பி, கை நின்னுட்டு. வெரசா போங்க. மதினிகிட்ட அப்புறம் சொல்லிக்கிடலாம்.”

“மதினியா? எங்கன நிக்காவ?” என்றான் ரிபாயி. “ஸ்டாப்புல ஆளே இல்லையே.”

ஆஸ்பத்திரியில் உடனே அடைப்பை எடுத்தார்கள். உர்ர்... ஓட்டம் திரும்பியது.

“மத்தியானம் வரை விட்டிருந்தா இந்தக் கையும் போயிருக்கும். நல்லவேளை, பாத்திய” என்றாள் நர்ஸ்.

“நான் எங்க பாத்தேன்? கோமதித்தாய் மதினிதான் காட்டுனாவ.”

நர்ஸ் கட்டிலுக்கு நெருங்கி வந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். “அவங்க நேத்து ராத்திரியே கொரோனா வார்டுல...”

பயந்தாயா என்று கேட்டால் சுந்தரி இல்லை என்றுதான் சொல்வாள். அன்பு இருக்கிறவர்கள்தான் அப்படித் தள்ளி நிற்பார்கள் என்பாள்.

பிறகு அவளுக்கு அண்ணன் ஒரு சிறுநீரகம் கொடுத்தான். மாற்றி வைத்தார்கள். புதுச் சிறுநீரகத்தை உடம்பு ஒதுக்காமலிருக்க மாத்திரை. அந்த மாத்திரையால் எந்தத் தொற்றையும் தாங்க முடியாத உடம்பு. வீட்டில் தனியறை. பூ ஆகாது, மண் ஆகாது. கோவில் பிரசாதம்கூட வாசலோடு சரி. ராத்திரி அவளே உள்தாழ்ப்பாள் போட்டுக்கொள்வாள். தேவையில்லாமல் போன கையின் ஓட்டமும் தானாகவே ஓய்ந்துவிட்டது.

ஒரு வெள்ளிக்கிழமை விடியலில் விழிப்புத் தட்டியது. தாழ்ப்பாள் போட்டது போட்டபடி. வலது கை மட்டும் குளிர்ந்திருந்தது. லைட்டைப் போட்டுப் பார்த்தாள். ஊசித் தழும்புகளின் மேல்... புற்றுமண். ஈரம் காயவில்லை.

“அது இனி ஓட வேண்டாம் மதினி” என்றாள். “நான் நல்லாத்தான் இருக்கேன்.”

கழுவித் துடைத்தாள். அண்ணனிடம்கூடச் சொல்லவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை கையில் மண் இல்லை.

அடிவயிற்றில் இருந்தது. புதுச் சிறுநீரகத்தை வைத்துத் தைத்த பக்கம்... காதை வைத்துக் கேட்டால் நெற்றி எங்கே படுமோ, அங்கே.