போகாத பயணத்திலிருந்து ஒருவரை மீட்டவருக்கு

மயக்கும் மொழிகள் மலிந்த தொழிலில் மெய்ம்மை ஒன்றையே மூலதனமாய்க் கொண்டவரே! கனவு சுமந்து வந்தோரிடம் கசப்பையும் கனிவையும் கலந்து தந்தவரே! எங்கள் வெளிநாட்டுக் கல்வி ஆலோசனை மையத்தின் மூத்த ஆலோசகரே! மாணவர் நாவில் 'கத்தரி மேடம்' என வழங்கும் மாண்புமிகு அம்மையீரே! பணிநிறைவு காணும் தங்களை வணங்கி, நெஞ்சு கனக்க நாங்கள் அளிக்கும் மடல் இது.

உட்கார்ந்த உடனேயே ஆசையை நறுக்கிவிடுகிறீர்கள் என்று பிள்ளைகள் வைத்த பெயர் அது. காதில் விழுந்தபோது தாங்கள் கோபிக்கவில்லை. "பரவாயில்ல, மழுங்கிப் போகலன்னு அர்த்தம்" என்று சிரித்தீர்கள்.

விசா கிடைத்தவர்களின் படங்கள் நம் வரவேற்பறைச் சுவர் முழுக்கச் சிரிக்கின்றன. மறுக்கப்பட்டவர்களுக்கு அந்தச் சுவரில் இடமில்லை. அவர்களுக்கான இடம் தங்கள் மேசையின் எதிரே மட்டுமே இருந்தது. ஆங்கிலத் தேர்வில் மதிப்பெண் குறைந்து வந்தவரிடம், "அடுத்த வாரமே ஓடிப்போய் எழுதாதே. எழுதுறதுல சறுக்கினியா, பேசுறதுல சறுக்கினியான்னு முதல்ல பாரு" என்பீர்கள். விசா மறுக்கப்பட்டு அழுதவரிடம் தண்ணீர் கொடுத்துவிட்டு, "ஏன் மறுத்தாங்கன்னு படிச்சியா? படிக்காம அதே பேப்பரைத் திருப்பி அனுப்பினா அதே பதில்தான் வரும். முன்னாடி மறுத்ததை மட்டும் மறைக்காதே. நீ மறந்தாலும் அவங்க மறக்க மாட்டாங்க" என்பீர்கள். இவற்றைக் கேட்டுப் பிழைத்தவர் பலர். கேளாமல் போன ஒருவரின் கதையைத்தான் இன்று அவையறியச் சொல்ல விரும்புகிறோம். சம்பந்தப்பட்டவரின் சம்மதம் பெற்றே சொல்கிறோம்.

பேருந்து ஓட்டுநர் ஒருவரின் மகன் அவர். மருந்தியல் படித்தவர். ஆங்கிலப் பேச்சுத் தேர்வில் இருமுறை தவறினார். ஆறு மாதம் பயிற்சி எடுத்துவிட்டு வரச் சொன்னீர்கள். அவருக்குப் பொறுக்கவில்லை. வேறொரு ஏஜென்ட் போலி மதிப்பெண் சான்று ஏற்பாடு செய்து விண்ணப்பித்தான். தூதரகம் கண்டுபிடித்தது. விசா போனது மட்டுமல்ல, பல ஆண்டுகளுக்குத் தடையும் வந்தது. ஆனால் அதற்குள் வீட்டில் உறவினரை அழைத்து வழியனுப்பு விருந்தே நடந்து முடிந்திருந்தது!

தகப்பனார் ஒரு முடிவு எடுத்தார். சொன்ன தேதியில் தெருவே பார்க்க மகனைப் பெட்டியோடு காரில் ஏற்றிப் போய், இருட்டியபின் பின்வாசல் வழியாகத் திரும்ப அழைத்து வந்தார். அன்றுமுதல் அந்தப் பிள்ளைக்குப் பின்னறையே வெளிநாடு. சன்னல் திறக்கக் கூடாது. இருமல் வந்தால் தலையணையில் முகம் புதைக்க வேண்டும். வாசலில் விசாரிப்பவர்களிடம் தாயார், "அங்க ஒரே குளிராம்" என்பார்.

சில மாதங்கள் கழித்து அவருடைய தங்கை நம் மையத்துக்கு வந்து தங்களிடம் சொன்னாள்: "அண்ணன் எங்கயும் போகல மேடம். வீட்லதான் இருக்கான். இப்பல்லாம் சாப்பாட்டுத் தட்டு அப்படியே திரும்பி வருது. எனக்குப் பயமா இருக்கு."

அப்போதே வரவேற்பாளரையும் அழைத்துக்கொண்டு கிளம்பினீர்கள். "அவன் அங்க நல்லா இருக்கான் மேடம்" என்று தாயார் மனப்பாடம் போலச் சொன்னார். தாங்கள் மறுத்துப் பேசாமல், கூடத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, மூடியிருந்த கதவைப் பார்த்துச் சொன்னீர்கள்: "தம்பி, கத்தரி வந்திருக்கேன். உன்னைப் பார்க்காம போக மாட்டேன்."

தகப்பனார் கொதித்தார். "வேற நாட்டுக்கு முடியும்னு ஒருத்தர் சொல்றாரு. நீங்க கெடுக்காதீங்க."

"முடியும்னு சொல்ல எனக்கும் வாய் இருக்கு சார். ஆனா இப்போதைக்கு முடியாது. எங்க விண்ணப்பிச்சாலும் இந்தத் தடையைச் சொல்லியே ஆகணும். அவன் பரீட்சையில தவறினான், ஒரு பொய்க்கு உடன்பட்டான். அதுக்கு எந்த நாடும் அவனுக்குச் சிறைத் தண்டனை குடுக்கல. நீங்க குடுத்திருக்கீங்க."

தாழ்ப்பாள் விலகியது. கூடத்து வெளிச்சத்துக்கே கண் கூசி, நெற்றியில் கைவைத்து நின்றார் அவர். "வெளிய வந்தா என்ன கேப்பாங்க மேடம்?"

"கேப்பாங்க. சிரிப்பாங்க. வலிக்காதுன்னு பொய் சொல்ல மாட்டேன். நான் கூட வரேன், வா."

நடுப்பகலில் அவரோடு அந்தத் தெருவில் நடந்தீர்கள். தையல்காரர் தலை நிமிர்ந்து, "அட, தம்பி! எப்ப வந்தீங்க?" என்றார். இளைஞர் தங்கள் முகத்தைப் பார்த்தார். தாங்கள் உதவிக்கு வரவில்லை, காத்திருந்தீர்கள். "நான் போகவே இல்லைண்ணே" என்றார். தையல் இயந்திரம் நின்றுபோனது.

அதன்பின் எல்லாம் நலமாயிற்று என்று எழுதினால் தாங்களே இந்த மடலைக் கிழித்துப் போடுவீர்கள். தங்கைக்குப் பேசிய சம்பந்தம் முறிந்தது. "குடும்ப மானத்தைத் தெருவுல போட்டுட்டாங்க" என்று தகப்பனார் புகார் கொடுக்க, நிர்வாகம் தங்களிடம் விளக்கம் கேட்டது. அவர் கடைசிவரை மகனோடு பேசாமலே சென்ற ஆண்டு கண்மூடினார். அந்தத் துக்க வீட்டுக்கும் போனீர்கள். வந்தவர் எவரும் தங்களை உட்காரச் சொல்லவில்லை. உடல் எடுக்கும்வரை ஓரமாக நின்றுவிட்டு, மறுநாள் வழக்கம்போல் வேலைக்கு வந்தீர்கள்.

அந்த இளைஞர் இன்று ஒரு மருத்துவமனையின் மருந்துக் கிடங்கில் பணிபுரிகிறார். பெரிய உத்தியோகமில்லை, பெரிய சிரிப்புமில்லை. இந்த விழாவில் தம் கதையைச் சொல்லலாமா என்று கேட்டபோது, "சொல்லுங்க. அன்னைக்கு மேடம் வரலன்னா நான் அந்த ரூமை விட்டு உயிரோட வந்திருக்க மாட்டேன். அப்பாவுக்குக் கடைசியா அது புரிஞ்சிருந்தா நல்லா இருந்திருக்கும்" என்றார்.

அறம் சார்ந்த அம்மையீரே! ஓடி ஓய்ந்த கால்களுக்கு ஓய்வும், பிறர் துயர் கேட்டே பழகிய செவிகளுக்கு அமைதியும், நோயணுகா நெடுவாழ்வும் தங்களுக்கு வாய்க்கட்டும். வயதில் இளையோர் நாங்கள்; வாழ்த்துவதைவிட வேண்டுவதே எங்களுக்குப் பொருந்தும். நாளைக் காலையும் மறுப்புக் கடிதத்தோடு யாரோ ஒருவர் வருவார். கூடவே பெற்றவர்களும் வருவார்கள். எங்கள் முகத்தையே பார்ப்பார்கள். அப்போது எங்கள் நாக்கு பொய்க்குப் போகாதிருக்கத் தாங்களே எங்களை வாழ்த்துங்கள்!

தங்கள் மேசைக்கு அக்கம்பக்கம் அமர்ந்து தொழில் கற்ற,
ஆலோசனை மையப் பணியாளர்கள்