வலது பக்க மரம்

இல்ல சார், தண்ணியெல்லாம் வேணாம். நீங்க உக்காருங்க. நீங்க நின்னா நானும் நிக்கணும், எனக்கு முட்டி வலி. கதவைத் திறந்ததுமே திரும்பச் சாத்தப் பாத்தீங்க பாருங்க, அது எனக்கு வருத்தமில்ல. நானா இருந்தாலும் சாத்தத்தான் பாப்பேன். அதான் காலை வச்சுட்டேன்.

சத்தமா? எதிர் வீட்லயா? ஆமா, நானும் கேட்டேன். ஏதோ விழுந்திருக்கும். இப்பதான் அடங்கிடுச்சே, விடுங்க.

இதுவா? கறை சார். துவைச்சாப் போயிடும். தையக்காரி துணியில கறை இல்லாம இருக்குமா?

என்னைத் தெரியுதில்ல? அதே ரெண்டு மரக்காரிதான். உங்க ஆபீஸ்ல அப்படித்தானே எனக்குப் பேரு. நான் வராண்டாவுல கால் வைக்கும்போதே, ரெண்டு மரக்காரி வந்துட்டாடான்னு உள்ள சிரிப்புச் சத்தம் கேக்கும். இப்ப ஒரு மரம்கூட இல்ல. பேரு மட்டும் நிக்குது.

போனைக் கீழ வைங்க. மேஜைமேல. இன்னும் கொஞ்சம் தள்ளி. ஆங்.

இந்தப் பையில இருக்கிறதைப் பாத்துட்டீங்கன்னா நிம்மதியா பேசலாம். இருங்க, எடுக்கறேன். கோடாலிதான். துணி சுத்தியிருக்கேன், பயப்படாதீங்க. கைப்பிடியில பாருங்க, உங்க துறை நம்பர் குத்தியிருக்கு. உங்க ஆளுங்க எங்க வீட்ல விட்டுட்டுப் போனது. மரம் வெட்ட வந்தாங்களே, அன்னைக்கு நான் துணி எடுக்கப் போயிருந்தேன். திரும்பி வந்து பாத்தா நல்ல மரம் கீழ கெடக்கு, செத்த மரம் நிக்குது. மேஸ்திரி சட்டையைப் புடிச்சு உலுக்கினேன். அவன் என்னைத் தள்ளிவிட்டான். கிட்ட கெடந்ததை எடுத்து ஓங்கினேன் பாருங்க, அத்தனை பேரும் வண்டியில ஏறி ஓடிட்டானுங்க. அந்தக் கோடாலிதான் இது. துறைச் சொத்து. திருப்பிக் குடுக்கணுமில்ல?

எழுந்திரிக்காதீங்க சார். எழுந்திரிச்சா முட்டியிலதான் போடுவேன். அப்புறம் உங்களுக்கும் முட்டி வலி வந்துடும்.

பேனா இருக்கா? இதே பேனாதானே? நீங்க மரத்தைப் பாக்க வந்தப்ப என் தங்கச்சிதான் உங்களுக்கு நாற்காலி போட்டா. நீங்க உக்காரலை. நேரா போய் மரத்துப் பொந்துல இந்தப் பேனாவை விட்டுப் பாத்தீங்க. மூடி வரைக்கும் உள்ள போயிடுச்சு. வெளிய எடுத்தப்ப கரையான் ஒட்டிக்கிட்டு வந்துச்சு. ஊதித் தள்ளிட்டு, இது இன்னைக்கோ நாளைக்கோ விழுந்துடும்மான்னீங்க. உங்க வாயால சொன்னீங்க. தங்கச்சி என் கையைப் புடிச்சுக்கிட்டா. ஞாபகம் இருக்கா இல்லையா?

தலையை ஆட்டினாப் போதாது. அதை எழுதுங்க. பேப்பர் நான் கொண்டாந்திருக்கேன், கோடு போட்ட பேப்பர்.

எழுதிக்கிட்டே கேளுங்க. தப்பு எம்மேலயும் இருக்கு, நான் இல்லைங்கல. மனுவுல வலது பக்க மரம்னு எழுதினது நான்தான். எங்க தொழில்ல வலது கைன்னா சட்டையைப் போட்டுக்கிறவங்களோட வலது. எதிர்ல நின்னு பாக்குறவங்க வலது இல்ல. அதை மாத்தினா பட்டன் ஒரு பக்கம் போயிடும், காஜா ஒரு பக்கம் போயிடும். இருபது வருஷமா அப்படித்தான் கத்திரி புடிச்சிருக்கேன். வீட்டுக்கு வலதுன்னா வீட்டோட வலது. வாசப்படியில நின்னு தெருவைப் பாத்தா எந்தக் கைப்பக்கம் வருதோ, அது. எனக்கு வேற மாதிரி யோசிக்கவே தெரியாது. நீங்களும் அப்படியே பாத்து எழுதிக்கிட்டீங்க. உங்க ஆளுங்க தெருவுல நின்னு வீட்டைப் பாத்தாங்க. அவ்வளவுதான் சார் நடந்தது. ஒரு வார்த்தை. திருப்பி நின்னா மாறிப்போற ஒரு வார்த்தை.

சரி, தப்பு ஆயிடுச்சு. மறுநாளே உங்ககிட்ட ஓடி வந்தேனா இல்லையா? நீங்க என்ன சொன்னீங்க? வலது மரத்துக்கு அனுமதி, வலது மரம் வெட்டியாச்சு, கோப்பு முடிஞ்சுபோச்சு. இடது மரத்துக்குப் புது மனு போடுங்க. ஆனா ஒரு வீட்டுக்கு வருஷத்துக்கு ஒரு மரம்தான், அடுத்த வருஷம் போடுங்கன்னீங்க. சார், நீங்க பேனா விட்ட மரம்தானே அதுன்னேன். நான் எதையும் விடலைம்மான்னீங்க. பக்கத்து மேஜையில சிரிச்சாங்க. ஒம்பது தடவை வந்தேன். ஏழாவது தடவை உங்க மேஜையில இருந்த பேப்பர் வெயிட்டைத் தூக்கி அடிச்சேன். அலமாரிக் கண்ணாடிதான் போச்சு, உங்க காது தப்பிச்சுது. இன்னும் ரெண்டு விரக்கடை தள்ளி அடிச்சிருக்கணும்னு இப்பவும் தோணுது.

தையல் மெஷினை மரத்தடியில இருக்கிற முன் அறையிலேருந்து வேற அறைக்கு மாத்தியிருக்கலாமேன்னா கேக்குறீங்க? அதைக் கேக்க உங்களுக்கு என்ன தைரியம்! நிறுத்தாதீங்க, எழுதுங்க.

மாத்தினோம். பின்னால அறையில போட்டோம். அங்க வெளிச்சம் கிடையாது. கறுப்புத் துணி, கறுப்பு நூல், தங்கச்சி கண்ணு அவிஞ்சுபோச்சு. ஸ்கூல் கால்சட்டை அறுபது தைக்கணும். நான்தான் சொன்னேன். முன் அறையிலேயே உக்காந்து தைடி, ஒரு நாள்ல என்ன ஆயிடப் போகுதுன்னு நான்தான் சொன்னேன். இதை நான் யார்கிட்டயும் சொன்னதில்ல. உங்ககிட்டதான் சொல்றேன், அதுவும் எப்படிப்பட்ட ஆளுகிட்ட பாருங்க.

சாயங்காலம் நாலு மணி. பெருங்காத்துகூட இல்ல, கொடியில துணி ஆடுற அளவு காத்து. நான் பின்னால பித்தான் வச்சுக்கிட்டு இருந்தேன். கூரைத் தகரம் கிழியற சத்தம் கேட்டுச்சு, அப்புறம் ஒண்ணுமே கேக்கலை. ஓடிப்போய்ப் பாத்தா மெஷினும் அவளும் மரமும் ஒண்ணா கெடக்காங்க. தலைன்னு சொல்ல ஒண்ணும் இல்ல சார். கை மட்டும் துணியைப் புடிச்சபடி அப்படியே இருந்துச்சு, விரல்ல ஊசி இறங்கி. தெருக்காரங்க மரத்தை நெம்பி, அவளை இழுத்தப்ப நூலும் கூடவே வந்துச்சு. அறுபடாத நூலு. யாருக்கும் அறுக்கத் தோணலை. நான்தான் குனிஞ்சு பல்லால கடிச்சு அறுத்தேன்.

அதுக்குக்கூட நான் உங்களைத் தேடி வரலை. மூலையில சுருண்டு கெடந்தேன். போன வாரம் உங்க ஆபீஸ்ல இருந்து தபால் வந்துச்சே, அதுக்குத்தான் வந்தேன். அதுல என்ன எழுதியிருந்தீங்க? விழுந்தது இடது பக்க மரம். அதுபற்றிப் புகார் ஏதும் வரவில்லை. வீட்டில் உள்ளவர்களின் கவனக்குறைவே காரணம். கீழ உங்க கையெழுத்து. கவனக்குறைவு! ஒரு தையல் விட்டாலும் முழுசா பிரிச்சுத் திரும்பத் தைக்கிறவ சார் அவ. அவளைப் பாத்தா கவனக்குறைவுன்னு எழுதுவீங்க?

அழாதீங்க. பேப்பர் நனையும்.

அடிச்சு அடிச்சு எழுதாதீங்க, நான் சொல்றதை மட்டும் எழுதுங்க. விழுந்த மரம், வாசலில் நின்று தெருவைப் பார்த்தால் வலது பக்கம் உள்ள மரம். புகார் வந்தது அந்த மரத்தைப் பற்றித்தான். நானே நேரில் பார்த்தேன், பேனா மூடி வரை உள்ளே போனது. தெரிந்தும் மறுத்தேன். இறந்தவர்மீது எந்தத் தவறும் இல்லை. இதைத் தனி வரியா எழுதுங்க. ஆங். எழுத்து கோணலா இருக்கு, பரவால்ல, படிக்கிற மாதிரிதான் இருக்கு. கையெழுத்து. தேதி. துறை முத்திரை வீட்ல இருக்காது, போகட்டும்.

குடுங்க.

அவ்வளவுதான் சார். கோடாலியை இங்கயே வச்சுட்டுப் போறேன். வாங்கிக்கிட்டதா சீட்டெல்லாம் வேணாம். இப்ப போனை எடுங்க. ஆம்புலன்ஸுக்குப் போடுங்க. உங்களுக்கு இல்ல, எனக்கும் இல்ல.

கீழ வாட்ச்மேன்கிட்ட உங்க வீட்டைக் கேட்டேன். மாடியில வலது பக்கம்னாரு. அவர் தெருவுல நின்னு சொன்னாரு. உங்க படிக்கட்டு பாதியில திரும்புது சார். மேல வந்து நின்னா மூஞ்சி தெருப் பக்கம் இருக்கு, என் வலது அவரோட இடது. இத்தனை நாளா வலது வலதுன்னு கத்தறவளுக்கு அது தோணலை. எதிர் வீட்டு மணியை அடிச்சுட்டேன். கதவைத் திறந்தவருக்கு உங்களை மாதிரியே வழுக்கை, உங்களை மாதிரியே தொப்பை. ஷேவ் பண்ணிக்கிட்டு இருந்திருக்காரு போல, முகம் பூரா நுரை. யாருன்னுகூடக் கேக்க விடலை. விழுந்தப்புறம் நுரையைத் தொடச்சுப் பாத்தேன், நீங்க இல்ல.

நல்ல மரம் சார் அவரு. நல்ல மரத்தை வெட்டிட்டேன்.

நான் கதவைச் சாத்திட்டு வர்றப்ப முனகிக்கிட்டுத்தான் இருந்தாரு. நீங்க கேட்ட சத்தம் அதுதான். நீங்க கொஞ்சம் வேகமா எழுதியிருக்கலாம். சொல்லுங்க, விலாசம் சொல்லுங்க. வலதுன்னும் சொல்லாதீங்க, இடதுன்னும் சொல்லாதீங்க. தள்ளினா திறக்கிற கதவுன்னு சொல்லுங்க.