மண் கையும் ரேடியோவும்

மாலையில் பெண்ணாடம் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். விருத்தாசலத்துச் செராமிக் பட்டறையில் வேலை முடிந்து வருகிறவர்கள்.

"என் ரேடியோ ஜெயிச்சிடுச்சுக்கா!" என்றாள் இளையவள். மணிக்கட்டில் களிமண் காய்ந்திருந்தது.

"வூட்டுக்குத் தூக்கிட்டுப் போயிடுன்னு மேஸ்திரி சொன்னாரே, கனகா?"

"ஆமாக்கா. 'பாட்டு, கிரிக்கெட்டு, நியூஸு எல்லாம் என் போன்லயே இருக்குது, இந்த டப்பா எதுக்கு'ன்னாரு. போனை ஸ்பீக்கரோட சேத்துட்டு, அச்சுல மண்ணு அமுக்க உக்காந்தாரு. பாதிப் பாட்டுல போன் வந்துச்சு. ரெண்டு கையும் மண்ணு. விரல் முட்டியால ஒரு தட்டு தட்டுனாரு. அவரு பொண்டாட்டி குரலு ஷெட்டு பூரா கேக்குது!"

"ஐயோ! என்ன சொல்லிச்சு?"

"'சாம்பாரு வச்சியே, உப்பு போட்டியா இல்லியா?'"

மூத்தவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நிறுத்தலாம்னு தேய்க்கறாரு, தேய்க்கறாரு. போன் மேல மண்ணு அப்புதே தவிர நிக்கல. அந்தம்மா அடுத்து ரசத்துக்குப் போயிடுச்சு. நான் ஓரமா கெடந்த ரேடியோவோட குமிழ முழங்கையால திருப்புனேன். டக்குனு பாட்டு வந்துச்சு."

"மேஸ்திரி திட்டலியா?"

"திட்டறதா? கை கழுவ ஓடிக்கிட்டே, 'சத்தத்தக் கூட்டு கனகா, இன்னும் கூட்டு'ன்னாரு."

"இப்ப ரேடியோ எங்க இருக்குது?"

"மேஸ்திரி மேசை மேல!" என்றாள் கனகா. பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.