கரண்டு அடுப்பு

– எர்த்து கம்பிய கழட்டுன்னு சொன்னேன்.

– மொதல்ல கத்திய எறக்குங்க செபமாலண்ணே. வேலைய முடிச்சு மெயின் போர்டுல சுவிச்ச போடப்போற நேரத்துல இது என்ன பேச்சு?

– கழட்டிட்டு, கரண்டு கம்பிய அடுப்போட தகரத்துல முடுக்கு லோரன்சு. தேயில ஸ்டோர்ல இம்புட்டு வருசம் கரண்டு வேல பாக்குற. ஒனக்கு இது பெரிய காரியமா?

– இந்தா பாருங்கண்ணே, தொட்டவன் செத்துருவான்.

– சாவணும். இந்த தோட்டத்து தொர சாவணும்.

– பைத்தியமா ஒங்களுக்கு? அவரு சோத்த ஆக்கித்தானே பொழைக்கிறீங்க?

– எம் பொண்டாட்டி அந்தோனியம்மாளுக்கு வயித்துப் புள்ள எப்புடி போச்சுன்னு தெரியுமா?

– வழுக்கி விழுந்துட்டாங்கன்னு லயத்து வீடுகள்ல சொன்னாங்க.

– அப்புடி சொல்லச் சொன்னதே அவன்தான். வெறகு அடுப்பு பொகைஞ்சு, பொகை சாப்பாட்டு மேச வரைக்கும் போயிருச்சு. அதுக்கு வந்து பூட்ஸு காலால அவ வயித்துல எத்துனான். ஏழு மாசம்டா. நான் கோழி அறுத்துக்கிட்டு நிக்கிறேன், இதே கத்தி கையில. கல்லு மாதிரி நின்னேன். அன்னைக்கு அந்தக் கோழிய தின்னுட்டு உப்பு கொறச்சல்ன்னான். அப்புறம் பொகை ஆகாதுன்னு கப்பல்ல இந்த அடுப்ப வரவழைச்சிருக்கான்.

– மாதாவே. எனக்கு தெரியாதுண்ணே.

– இப்ப தெரிஞ்சிருச்சில்ல? முடுக்கு.

– போலீசு என்னைத்தான் புடிக்கும். எனக்கும் பொண்டாட்டி புள்ள இருக்கு.

– புது அடுப்பு, வரும்போதே கோளாறுன்னு சொல்லிரு. நான் கத்தியால குத்துனா என்னைய தூக்குல போடுவான், அவ அநாதையா நிப்பா. அதுக்குத்தான் ஒன்னைய கெஞ்சுறேன்.

– கெஞ்சுறவரு கழுத்துல கத்திய வெப்பாரா? அழுத்தாதீங்கண்ணே, ரத்தம் வருது.

– வரட்டும். முடுக்கு.

– முடுக்குறேன், முடுக்குறேன். கைய எடுங்க. இந்தா, நீங்க சொன்ன மாதிரியே முடுக்கியாச்சு. ஆனா ஒண்ணு கேட்டுக்குங்க. இதுல தொர சாவமாட்டாரு.

– ஏன்?

– தடிச்ச ரப்பர் பூட்ஸ போட்டுக்கிட்டுத்தானே குசினிக்குள்ள வாராரு? கரண்டு அவரு காலு வழியா தரைக்கு எறங்காது. நம்மள பங்களாவுக்குள்ள செருப்பு போட விடுறானுங்களா? வெறுங்காலோட இந்த ஈரத் தரையில நிக்கிறது நீங்கதான். நாளைக்கு தேத்தண்ணி வெக்க கைய வெச்சீங்கன்னா, அந்தோனியம்மா புள்ளையோட ஒங்களையும் பறிகுடுத்துட்டு நிக்கணும். போதும்ணே, பழையபடி மாத்திர்றேன்.

– இரு. பூட்ஸு இல்லாட்டி?

– பூட்ஸு இல்லாம ஈரத்துல நின்னா தொரையும் சாவாரு, நானும் சாவேன். ஆனா அந்த மனுசன் என்னைக்கு பூட்ஸ கழட்டிட்டு இங்க வந்திருக்காரு?

– நான் கழட்டிட்டேன். சாமான் ரூமுல கெடக்குறான், கொழவிக் கல்லால மண்டையில ஒண்ணு போட்டேன். இன்னும் மூச்சு இருக்கு. வா, நீ கால புடி.