நேற்று மறுபடியும் செத்தவன்

"அவன் நேத்து மறுபடியும் செத்துட்டான்டி." அம்பத்தூரில் ரயிலேறிய பெண் தன் தோழியிடம் இப்படிச் சொன்னதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நல்லவேளை, ஏதோ அனிமே என்ற ஜப்பானியக் கார்ட்டூன் தொடரின் நாயகனாம்.

"அப்படி இன்னாதான் கீது அதுல?"

"ஒண்ணுமில்ல. வில்லன் யாருன்றதையே நடுவுல மறந்துட்டானுங்க. சண்டைன்னா ஒரே படத்த ஆட்டி ஆட்டிக் காட்றானுங்க. சிரிச்சு சிரிச்சு வயிறு வலிக்குது."

"யாருடி உன்னப் பாக்கச் சொன்னது?"

"என்னப் பொண்ணு பாத்துட்டுப் போனாரே, அவருதான். 'படு மொக்கை, ஆனா விட மாட்டீங்க'ன்னு சொல்லித்தான் லிங்க் அனுப்பினாரு."

"அப்போ இன்னிக்கு ஊட்ல இன்னா பதில் சொல்லப் போற?"

"சரின்னுதான். இதுவரைக்கும் வந்த மாப்பிள்ளைங்கள்ல, குறைய முன்னாடியே சொன்னவரு இவரு ஒருத்தருதான்."

என் மகளுக்கும் வரன் பார்க்கிறோம். அன்று முதல், அவள் அறையில் சிரிப்புச் சத்தம் கேட்டாலே, எவன் அனுப்பிய மொக்கைத் தொடரோ என்று எனக்குத் திக்கென்கிறது.